குனோங் தாஹானுக்கு மூட்டை கட்டுதல்

எங்கள் நடைக்குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் தாஹான் மலைக்குப் பெயர் கொடுத்ததும் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மழைக்கோட்டு வாங்கலாம் என்பதுதான். நானூறு, ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கத் தயாராக வந்து நிற்பார்கள். அந்தப் பணத்தை இப்போதைக்குப் பத்திரமாக வைத்திருங்கள் என்று நான் சொல்லும்போது அவர்களுடைய முகம் சற்று வாடிவிடும். நனையாமல் இருப்பதற்கு வழி தேடுகிறவர்களுக்கு இந்த மலை ஏற்றதல்ல என்பதையும், நனைந்த உடலோடு பகலெல்லாம் நடந்துவிட்டு இரவில் காய்ந்த துணியில் படுக்க முடிகிறவரே நான்காம் நாளும் நல்லபடியாக நடப்பார் என்பதையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்குவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியதால் இந்தப் பதிவு.

குனோங் தாஹான் 2,187 மீட்டர் உயரமுள்ளது. தீபகற்ப மலேசியாவில் இதைவிட உயர்ந்த மலை இல்லை. சபாவிலுள்ள 4,095 மீட்டர் கினபாலுவோடு ஒப்பிட்டால் இது பாதியைச் சற்றே தாண்டுகிறது என்பதால், கினபாலு ஏறியவர்கள் இதை எளிதாக நினைத்துவிடுகிறார்கள். கினபாலுவில் ஏறும் வழியிலேயே கட்டிலும் சூடான சாப்பாடும் தரும் விடுதி உண்டு. தாஹானில் கூரை என்பது நாமே சுமந்து சென்று கயிற்றால் கட்டும் பிளைஷீட் என்னும் நீர்புகா விரிப்புதான்; அடுப்பு, அரிசி, படுக்கை எல்லாமே நம் முதுகில்தான் ஏறியாக வேண்டும். பகாங் மாநிலத்தின் மெராப்போ பக்கமிருந்து ஏறி அதே வழியில் இறங்குவதற்கு மூன்று அல்லது நான்கு நாள் ஆகும். கோலா தாஹான் வழியாகப் போனால் ஒரு வாரம் வரை இழுக்கும். தாமான் நெகாரா என்னும் 4,343 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவின் காட்டுக்குள் இந்த மலை இருப்பதால், அனுமதிச் சீட்டும் பதிவு பெற்ற வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே போக முடியாது. இந்த ஏற்பாடுகளையெல்லாம் பயண ஏற்பாட்டாளரே செய்துவிடுவார் என்பதால் அதைப் பற்றி நான் விரிவாக எழுதப்போவதில்லை.

மழைக்காலம் தவிர்த்துப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் ஆண்டிறுதியில் மலைவழி மூடப்படுவது வழக்கம். எனவே அந்தக் கனமழையில் யாரும் ஏறப்போவதில்லை. ஆனால் மற்ற மாதங்கள் வறண்டவை என்று பொருளில்லை. ஏப்ரல், மே, அக்டோபர் ஆகிய மாதங்களில், அதாவது இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், காலையில் வானம் பளிச்சென்று இருந்துவிட்டுப் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு இடியோடு கொட்டித் தீர்க்கும். நடு ஆண்டில் மழை குறையும் என்றாலும், மலைமுகட்டில் மேகம் வந்து தங்கிவிடும்போது மழையே பெய்யாவிட்டாலும் இலைகளிலிருந்து சொட்டும் நீரே ஆளை நனைத்துவிடும். எந்த மாதத்தில் போனாலும் ஒரு நாளாவது முழுக்க நனைவோம் என்று வைத்துக்கொண்டே மூட்டை கட்ட வேண்டும்.

இனி மழைக்கோட்டு. விலையுயர்ந்த கோட்டுகளில் இருக்கும் மெல்லிய சவ்வு, வெளியிலிருந்து நீர்த்துளியை உள்ளே விடாமல், உள்ளிருக்கும் வியர்வை ஆவியை மட்டும் வெளியேற்றும் என்று விளம்பரம் சொல்கிறது. குளிர்நாடுகளில் அது உண்மைதான். உள்ளே வெப்பமும் ஈரமும் மிகுந்து, வெளியே குளிர்ந்த உலர்காற்று இருந்தால்தான் ஆவிக்கு வெளியேறும் உந்துதல் கிடைக்கும். நம்முடைய அடிவாரக் காட்டில் மழை பெய்யும்போது வெளிக்காற்றே ஈரத்தில் தோய்ந்து கிடக்கிறது. வெப்பமும் உள்ளே இருப்பதற்குப் பெரிதாகக் குறைந்ததல்ல. பதினான்கு கிலோ சுமையோடு ஏற்றத்தில் நடக்கும் ஒருவர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டால், அரை மணி நேரத்தில் மழையில் நனைந்த அளவுக்கு வியர்வையில் நனைந்திருப்பார். கூடவே உடல் சூடேறித் தண்ணீர்த் தாகமும் கூடிவிடும். அதனால் கீழ்க்காட்டில் மெல்லிய, சீக்கிரம் காயும் செயற்கை இழைச் சட்டையோடு மழையில் நனைந்தபடியே நடப்பதுதான் அனுபவமுள்ளவர்களின் வழக்கம். பருத்திச் சட்டை மட்டும் வேண்டாம். அது நீரைக் குடித்துக் கனத்துப்போய், மறுநாள் காலையிலும் அப்படியே ஈரமாக உடலில் ஒட்டும்.

அப்படியானால் கோட்டே வேண்டாமா என்றால், வேண்டும், அது மேல்முகட்டுக்கு. உயரம் நூறு மீட்டர் கூடும்போது வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரிக்குச் சற்று மேல் குறைகிறது. சமவெளியில் இரவு இருபத்துமூன்று டிகிரி என்றால் உச்சியில் பத்தை ஒட்டித்தான் இருக்கும். பத்து டிகிரி என்பது காகிதத்தில் பார்க்கும்போது பெரிய குளிராகத் தெரியாது. ஆனால் கெம் பொன்சாய் என்னும் மேல் முகாமைத் தாண்டியதும் மரங்கள் இடுப்பளவுக்குக் குறுகி, காற்றுக்குத் தடுப்பே இல்லாத திறந்த முகடு தொடங்குகிறது. நனைந்த சட்டையின் மேல் அந்தக் காற்று வீசும்போது உடலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே போகும். பூமத்திய ரேகைக்கு அருகிலும் உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க முடியும் என்பதைப் பலர் நம்புவதில்லை. கூட வருபவர் நடுங்கத் தொடங்கி, பேச்சு குழறி, காலணிக் கயிற்றைக்கூடக் கட்ட முடியாமல் விரல் தடுமாறினால் அது வெறும் களைப்பல்ல. உடனே காற்று படாத இடத்தில் உட்காரவைத்து, ஈரத்துணியைக் கழற்றி, காய்ந்ததைப் போர்த்திவிட வேண்டும். இந்தக் காற்றைத் தடுப்பதற்கு எண்பது, நூறு வெள்ளியில் கிடைக்கும் சாதாரண நீர்புகாக் கோட்டே போதுமானது. தலையை மூடும் தொப்பி அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போஞ்சோ எனப்படும் போர்வை வகை முட்களிலும் பிரம்பிலும் மாட்டிக் கிழிந்துபோகும். முகட்டுக் காற்றில் முகத்தில் வந்து அறையும்.

துணி விஷயத்தில் நான் கடைப்பிடிப்பது ஒரே ஏற்பாடுதான். நடப்பதற்கு ஒரு ஜோடி உடை, படுப்பதற்கு ஒரு ஜோடி உடை. நடக்கும் உடை முதல் நாளே நனையும். பிறகு கடைசி நாள் வரை அது ஈரமாகவே இருக்கும். படுக்கும் உடையோ எக்காரணம் கொண்டும் கூடாரத்தை விட்டு வெளியே வரக்கூடாது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. காலை ஐந்தரை மணிக்கு, மழை இன்னும் தூறிக்கொண்டிருக்கும்போது, கதகதப்பான காய்ந்த சட்டையைக் கழற்றிவிட்டு, இரவெல்லாம் கயிற்றில் தொங்கி மேலும் குளிர்ந்துபோன ஈரக் காற்சட்டைக்குள் காலை விடுவதற்குத் தனி மன உறுதி தேவை. அந்த நேரத்தில் மனம் இடறி, இன்று ஒரு நாள் காய்ந்ததையே போட்டுக்கொள்வோம் என்று கிளம்புகிறவருக்கு, அன்றிரவு போர்த்திக்கொள்ள எதுவும் மிஞ்சாது. இரண்டு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டால் நடை தொடங்கியதும் உடல் சூடேறிவிடும்.

அந்தக் காய்ந்த ஜோடியைக் காப்பாற்றுவது முதுகுப்பையின் வேலை. பைக்கு வெளியே மாட்டும் மழையுறையை நம்ப வேண்டாம். முதுகுப் பக்கம் வழியாக நீர் உள்ளே இறங்குவதை அது தடுப்பதில்லை. குனிந்து போக வேண்டிய மூங்கில் புதர்களில் கிளையொன்று அதைப் பிடுங்கிக்கொண்டுவிடும். சில சமயம் உறைக்குள்ளேயே நீர் தேங்கிச் சுமையாகவும் மாறும். பையின் உட்புறத்தில் தடித்த பெரிய குப்பைப்பை ஒன்றை விரித்து, எல்லாப் பொருளையும் அதற்குள் அடுக்கி, வாயை முறுக்கி மடித்துக் கட்டிவிடுவதே நம்பகமானது. உறக்கப்பையும் படுக்கும் உடையும் அதற்குள்ளேயே மேலும் ஒரு டிரை பேக்கில் (வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பை) போக வேண்டும். வாத்து இறகு அடைத்த உறக்கப்பை எடை குறைவு என்பது உண்மை. ஆனால் அது நனைந்தால் இறகெல்லாம் கட்டிதட்டிச் சூட்டைப் பிடித்துவைக்கும் தன்மையை இழந்துவிடும் என்பதால், இந்த மலைக்குச் செயற்கைப் பஞ்சு அடைத்ததையே நான் பரிந்துரைப்பேன். அடையாள அட்டை, லைட்டர், கைப்பேசி, தலைவிளக்கின் மாற்று மின்கலம் ஆகியவை சிப்லாக் பையில். லைட்டரை மட்டும் இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

காலணியைப் பற்றிச் சொல்வதற்கு எனக்கு நிறைய இருக்கிறது. கணுக்காலை மூடும் தோல் பூட்சுகளை வாங்கி வருகிறவர்கள் உண்டு. நீர்புகாத பூட்சுக்குள் மேல்வாய் வழியாகத் தண்ணீர் ஒருமுறை புகுந்துவிட்டால் அது வெளியேறவும் வழியில்லை. ஆற்றைக் கடந்த பின்பு ஒவ்வொரு காலிலும் அரை கிலோ கூடுதலாகத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். நம் நாட்டு மலையேறிகளும் சுமை தூக்குபவர்களும் வழிகாட்டிகளும் பெரும்பாலும் அணிவது, வேடிக்கையாக அடிடாஸ் கம்போங் என்று அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் காலணி. முழுவதும் ஒரே வார்ப்பில் செய்தது. அடியில் கால்பந்து பூட்சில் இருப்பதுபோல் குமிழ்கள் இருக்கும்; தையலோ துணியோ கிடையாது. தண்ணீரைக் குடிக்காது என்பதால் கவிழ்த்து உதறினால் போதும். சேற்றிலும் வழுக்கும் வேர்களிலும் அந்தக் குமிழ்கள் கடித்துப் பிடிக்கும். விலை பத்துப் பதினைந்து வெள்ளிதான். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த நம்மவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விடியற்காலை ஈரத்தில் பால்மரம் சீவப் போனவர்கள் காலில் கிடந்தது இதுதான். சிற்றூர்ச் சாமான் கடையில் நான் இதை அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு முன்னாள் தோட்டத் தொழிலாளி அம்மா, "தம்பி, ஒரு நம்பர் பெருசா எடுப்பா, உள்ள தடிச்ச காலுறை போடணும், எறக்கத்துல வெரல் இடிக்காது" என்றார். எந்த விளையாட்டுப் பொருள் கடையிலும் இவ்வளவு சரியான ஆலோசனை கிடைத்ததில்லை.

அதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அடிப்பாகம் மெல்லியது என்பதால் கூர்மையான கல் ஒவ்வொன்றும் பாதத்தில் தெரியும். நல்ல தடித்த உள்விரிப்பு ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். மேற்பகுதி விளிம்பு குதிகாலுக்கு மேலே உராய்ந்து தோலை வழித்துவிடும் என்பதால், வீட்டிலிருந்து நேராக மலைக்குப் போகாமல், சில வாரங்களுக்கு முன்பே ஏதாவது ஒரு குன்றில் அணிந்து நடந்து பார்த்து, எங்கே உராய்கிறது என்று கண்டு, அந்த இடத்தில் முன்கூட்டியே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஈரமான வழவழப்புப் பாறையில் அந்தக் குமிழ்களுக்குப் பிடிப்பு போதாது. அங்கே கையையும் சேர்த்துப் பயன்படுத்தித்தான் இறங்க வேண்டும்.

பாதம் நாள் முழுவதும் ஈரத்தில் ஊறினால் தோல் வெளுத்துச் சுருங்கி மென்மையாகிவிடும். அந்த நிலையில் சிறு உராய்வும் கொப்புளமாகும், கொப்புளம் கிழிந்தால் மறுநாள் நடையே நரகம்தான். காலையில் விரல் இடுக்குகளிலும் குதிகாலிலும் வாசலினைத் தாராளமாகத் தடவிவிட்டுக் காலுறை அணிவது ஊறலைத் தாமதப்படுத்தும். முகாம் சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்கும் முன்பாக, காலைக் கழுவித் துடைத்துக் காற்றாட விடுவது. இரவு காய்ந்த காலுறைக்குள் ஏழெட்டு மணி நேரம் இருந்தால் தோல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்தக் காலுறையும் படுக்கும் ஜோடியில் சேர்ந்ததே; அதை அணிந்துகொண்டு வெளியே சிறுநீர் கழிக்கப் போகக் கூடாது, ரப்பர் செருப்பு ஒன்றைப் பையோடு கட்டிக்கொண்டு வாருங்கள்.

மழை என்றால் அட்டை. கீழ்க்காட்டில், முக்கியமாக ஆற்றோரப் பாதையில், இலைகளின் நுனியில் எழும்பி நின்று ஆடிக்கொண்டிருக்கும். முழங்கால்வரை வரும், நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறைகள் கடைகளில் கிடைக்கின்றன. காற்சட்டையின் கால்களை அதற்குள் செருகிவிட்டால் அவை மேலே ஊர்ந்து வருவது வெளியே தெரியும், தட்டிவிடலாம். கடித்துவிட்டால் நெருப்பு வைக்காமலும் உப்பைக் கொட்டாமலும், வாய்ப்பகுதியை நகத்தால் பக்கவாட்டில் நெம்பி எடுத்துவிடுங்கள். இரத்தத்தை உறையவிடாத பொருளை அது செலுத்தியிருக்கும் என்பதால் சிறிது நேரம் கசிந்துகொண்டேயிருக்கும்; பயப்பட ஒன்றுமில்லை. இதைவிடக் கவலைப்பட வேண்டியது எலிச்சிறுநீர்க் காய்ச்சலைப் பற்றி. காட்டு நீரிலும் சேற்றிலும் இருக்கும் அதன் கிருமி, ஊறிய தோல் வழியாகவும் கீறல் வழியாகவும் உள்ளே போகும். குடிநீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். முன்தடுப்பு மாத்திரை தேவையா என்று புறப்படுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தங்குவதற்கு ஹம்மாக் (மரங்களுக்கிடையே கட்டும் தொங்குபடுக்கை) கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். கீழ் முகாம்களில் அது சுகமானது. மேலே மரங்கள் குட்டையாகிவிடுவதால் கட்டுவதற்கு இடமிருக்காது. பிளைஷீட்டும் தரைவிரிப்பும் எங்கேயும் உதவும். காற்று வரும் பக்கத்தைத் தரையோடு தாழ்த்திக் கட்டி, எதிர்ப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, கூரைக் கயிறு ஒவ்வொன்றிலும் ஒரு சிறு நூல் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டால், கயிற்றில் வழிந்து வரும் நீர் உள்ளே நுழையாமல் அந்த நூலில் இறங்கிச் சொட்டிவிடும். முகட்டு முகாம்களில் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கிப் போக வேண்டிவரும்போது, பிளைஷீட்டின் தாழ்ந்த மூலையில் பாத்திரத்தை வைத்தால் மழையே குடத்தை நிரப்பிக் கொடுத்துவிடும். இந்தப் பயணத்தில் மழைக்கு நன்றி சொல்லத் தோன்றும் ஒரே நேரம் அதுதான்.

உணவில் எடையையும் குப்பையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மெராப்போ பக்க நுழைவாயிலான சுங்கை ரெலாவ் பூங்கா அலுவலகத்தில், நாம் உள்ளே கொண்டுபோகும் பொட்டலம், உறை, மின்கலம் ஒவ்வொன்றையும் எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். திரும்பும்போது கணக்கு ஒத்துப்போக வேண்டும். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த விதி. பத்துப் பாக்கெட் உடனடி நூடல்ஸின் உறைகளையும் மசாலாப் பொட்டலங்களையும் தனித்தனியே எண்ண நேர்ந்த பிறகுதான், வீட்டிலேயே எல்லாவற்றையும் பிரித்து ஒரே பெரிய பையில் போட்டு வரும் நல்ல பழக்கம் மனிதர்களுக்கு வருகிறது. சார்டின் டின்கள் போகும்போதும் கனம், காலியான பிறகும் நாற்றத்தோடு திரும்பி வர வேண்டியவை. நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், நன்றாக வறுத்துச் சுண்டவைத்த நெத்திலிச் சம்பல், பொரித்த கருவாடு ஆகிய மூன்றும் நான்கு நாளுக்குக் கெடாது; சூடான சோற்றில் கலந்துகொண்டால் வேறு சமையல் தேவையில்லை. ஈர விறகை நம்பாமல் எரிவாயு அடுப்பையும் அதற்கு ஒரு காற்றுத் தடுப்பையும் எடுத்துச் செல்லுங்கள். நடக்கும்போது கொறிப்பதற்கு வறுத்த கடலையும் பேரீச்சையும் இடுப்புப் பையிலேயே இருக்க வேண்டும். மழையில் நின்று முதுகுப்பையைத் திறக்க யாருக்கும் மனம் வராது என்பதால், பசியோடே நடந்து, குளிரில் விழுகிறவர்கள்தான் அதிகம்.

உடற்பயிற்சிக்கு நான் சொல்வது, சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட்டில் இருக்கும் 1,493 மீட்டர் குனோங் நுவாங் மலை. பங்சூன் வழியில் தொடங்கும் அந்த முடிவில்லாத மண்சாலையே பொறுமையைச் சோதித்துவிடும். அதற்கப்பால் உள்ள ஏற்றம் தாஹானின் மேல் ஏற்றத்துக்கு நல்ல ஒத்திகை. மலைக்குக் கொண்டுபோகும் அதே பை, அதே காலணி, அதே எடையோடு ஏறுங்கள். முன்னறிவிப்பில் மழை என்றால் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள், அன்றுதான் போக வேண்டும். பைக்குள் எது நனைந்தது என்று வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வேலை நாள்களில் அடுக்குமாடிப் படிகளோ, பத்துமலையின் 272 படிகளோ போதும். ஏறுவதைவிட இறங்கும் பயிற்சியில் கவனம் செலுத்துங்கள். கடைசி நாள் எல்லாரையும் படுத்துவது முழங்கால்தான்.

விடுப்பு எடுக்கும்போது ஒரு நாள் கூடுதலாகவே எடுத்துவிடுங்கள். சுங்கை ரெலாவிலிருந்து நான்கு சக்கர வண்டியில் 13 கிலோமீட்டர் உள்ளே போய்க் கோலா ஜூராமில் இறங்கியதும் தொடங்கும் பாதை, ஆற்றோரமாகவே போகிறது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலையின் மேல்பக்கம் கொட்டிய மழை திடீரென்று கெப்பாலா ஆயர் எனப்படும் காட்டாற்று வெள்ளமாகத் திரண்டு இறங்கிவரும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால் கரையேறிவிட வேண்டும். பெருகிய ஆற்றின் இக்கரையில் நின்றுகொண்டு, நாளைக் காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டுமே என்று தவிக்கிற ஒருவர் குழுவில் இருந்தால், அவருடைய அவசரம் மற்ற எல்லாரையும் தண்ணீருக்குள் இறக்கிவிடும். வழிகாட்டி காத்திருக்கச் சொன்னால் காத்திருக்க வேண்டும், உச்சிக்கு இன்று இல்லை என்றால் இல்லைதான். முகட்டில் இடி கேட்டாலும் இதே விதி. அதற்காக ஆளுக்கு ஒரு வேளை அரிசி, ஒரு கைப்பிடி நெத்திலி, ஒரு எரிவாயுக் குப்பி என்று தனியாகக் கட்டி, வழிகாட்டி சொல்லும்வரை திறக்காமல் வைத்திருங்கள். பூங்கா அலுவலகத்தில் பொருள்களை எண்ணும்போது அந்தப் பொட்டலத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்ல மறந்துவிடாதீர்கள். காரில் ஒரு ஜோடி துணியும் துண்டும் விட்டுச் செல்லுங்கள். கைலியாக இருந்தால் இன்னும் நல்லது, வண்டி நிறுத்துமிடத்திலேயே மாற்றிக்கொள்ளலாம்.